அம்பாசிடருக்குக் கொடுத்த ரொட்டி

நம் வயசுக்காரர்களில் அம்பாசிடர் காரின் பின்சீட்டில் யாருடைய மடியிலாவது உட்கார்ந்து போகாதவர்கள் குறைவு. அந்த ரெக்ஸின் சீட் வெயிலில் தொடையைச் சுட்டது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நான் சொல்லப்போவது ஓடாத ஓர் அம்பாசிடரைப் பற்றி. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம், ஆனியும் ஆடியும் அது எங்கள் வீட்டு வாசல் மணலில் கிடந்தது. எனக்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வராது. கோர்வையாக எழுதியும் பழக்கமில்லை. ஞாபகம் வருகிற வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தோணியில் எஞ்சின் பார்க்கிறவர். தூத்துக்குடித் தோணிகள் அப்போது பாயை மட்டும் நம்பாமல் எஞ்சினும் வைத்துக்கொண்டிருந்தன. வெங்காயமும் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார்கள். வரும்போது மாசிக்கருவாடு வரும். தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் தோணிகள் கரையில் கிடக்கும். ஆவணி பிறந்து காற்று அடங்கினால்தான் திரும்பக் கிளம்பும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அப்பா என்று ஒருவர் வீட்டில் இருக்கும் காலம் அந்த இடைவெளிதான். அந்த மாதங்களில் தெருவில் பீடிப் புகை வாசனை கூடும். ராத்திரி ஜெபத்தில் ஆண் குரல்கள் கேட்கும்.

அந்த வருஷம் அப்பா கரைக்கு வந்த கொஞ்ச நாளில் இந்தக் காரைக் கொண்டுவந்தார். ஓர் உப்பள முதலாளி வைத்திருந்தது. உப்புக் குவியல்களுக்கு நடுவில் கொட்டகை இல்லாமல் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறது. மாட்டுவண்டியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பால் நிறப் பெயிண்ட்டில் துரு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கையால் தடவினால் கருவாட்டுச் செதில் மாதிரி உதிரும். இதை ரிப்பேர் செய்து வாடகைக்கு ஓட்டப்போகிறேன், இனித் தோணிக்குப் போகப்போவதில்லை என்று அப்பா சொன்னார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. கார் ஓடினால் அப்பா வீட்டில் இருப்பார். ஓடாவிட்டால் ஆவணியில் தோணி ஏறுவார். எனக்கு அந்தக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். இது போதுமாக இருந்தது.

ஆறாம் வகுப்புக்கு டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். கார் வேலை முடியட்டும், நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் சரி என்று தலையாட்டினேன்.

காரின் வியாதி விசித்திரமானது. எஞ்சின் நன்றாக ஓடும். ஆனால் கிளட்சை மிதித்து கியர் போட்டால் கரகரவென்று அரைக்கும், விழாது. எனக்குக் கால் எட்டாது. அதனால் சீட்டுக்குக் கீழே குந்திக்கொண்டு இரண்டு கையாலும் கிளட்சை அமுக்குவேன். அப்பா வெளியிலிருந்து பார்த்து, "விடுலே", "அமுக்குலே" என்பார். கிளட்ச் கம்பியைத் திருகி இறுக்கிப் பார்த்தார். திரும்பவும் அதே அரைப்பு. தோணி எஞ்சினில் இந்த மாதிரிச் சங்கதி கிடையாதே என்று தலையைச் சொறிந்தார்.

அப்பா கடல்காரர். தோணிப் பலகைக்கு உப்பு ஏறாமல் இருக்கச் சுறா எண்ணெய் தடவுவார்கள். காரும் உப்பில் கெட்டதுதானே என்று அதன் அடிப்பக்கம் முழுக்க ஒரு டின் சுறா எண்ணெயைத் தடவிவிட்டார். மறுநாள் விடிந்தபோது தெருப் பூனைகள் எல்லாம் காருக்கு அடியில் இருந்தன. விரட்டினால் பக்கத்து வீட்டு ஓலைவேலி வரை போய்த் திரும்பி வரும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாசல் கூட்டுவாள்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, தோணிக்குத் தண்டல். தோணியின் தலைவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் தோணியில்தான் அப்பா எஞ்சின் பார்த்தார். மாமா சாயங்காலம் காப்பி குடிக்க வருவார். வந்ததும் பூனைகளைப் பார்த்துச் சிரிப்பார்.

"மாப்ளே, இதுக்குப் பெட்ரோல் ஊத்துதியளா, சாளை மீன ஊத்துதியளா?"

தெருவே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். மாமா என்னைப் பார்த்து, மருமவனே, ஒங்கப்பாவுக்கு மூளையில உப்புக் காத்து அடிச்சிட்டு என்பார். கரை ருசி கண்டுவிட்டார், உடம்பு வளைய மறுக்கிறது என்று மற்றவர்கள் அவர் இல்லாதபோது பேசினார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள் என்று நினைக்கிறேன். தட்டில் சோறு வைக்கிற சத்தம் அந்த மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

மெயின் ரோட்டில் உடன்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் கார் பட்டறை வைத்திருந்தார். அவருக்கு வேலை ஓயாது. சைக்கிளில் சாப்பிடப் போகிற வழியில் காலை ஊன்றி நின்று, கியர் பாக்ஸை இறக்கிப் பாருங்க, உள்ளே பைலட் புஷ் பிடித்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கியர் பாக்ஸ் ஆள் கனம். ஜாக்கி இல்லை. அப்பா பழைய வலைமூட்டைகளைக் காருக்கு அடியில் மெத்தை மாதிரி அடுக்கினார். தோணியில் சரக்கு இறக்குகிற கப்பியையும் கயிற்றையும் கொண்டுவந்து, உள்ளே சீட்டைக் கழற்றிவிட்டுப் பனந்தடி ஒன்றைக் குறுக்கே போட்டு, அதிலிருந்து கியர் பாக்ஸைத் தொங்கவிட்டார். போல்ட்டை எல்லாம் கழற்றியும் அது எஞ்சினை விட்டு வரவில்லை. கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் மூக்கு எஞ்சினுக்குள் எங்கேயோ மாட்டியிருந்தது. அப்பாவும் தெரு ஆட்களும் அலையை எண்ணிக் கரைவலை இழுக்கிற மாதிரி மூச்சுச் சேர்த்து இழுத்தார்கள். அது விட்டுக்கொடுத்தபோது கியர் பாக்ஸ் வலைமூட்டையில் பொத்தென்று இறங்க, பூனைகள் நாலு பக்கமும் சிதறின.

எஞ்சினின் பின்பக்கம் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஒரு குழி. குழிக்குள் மோதிரம் போல ஒரு சின்னப் பித்தளை வளையம். அதுதான் பைலட் புஷ். தண்டின் மூக்கு அதற்குள் சும்மா சுழல வேண்டும். உப்புக் காற்றில் இரண்டும் பிடித்துக்கொண்டதால் கிளட்சை மிதித்தாலும் தண்டு எஞ்சினோடு சேர்ந்தே சுற்றியிருக்கிறது. பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டால் கார் ஓடும். என் கட்டை விரலில் போடுகிற அளவு சாமான். இத்தனை நாள் எங்கள் வீட்டையே நிறுத்தி வைத்தது அதுதான்.

ஆனால் அது வரவில்லை. மூடின குழி. பின்னாலிருந்து தட்ட வழியில்லை. கொக்கி போட்டால் வழுக்கியது. உளியால் பிளக்கலாம். குழியில் கீறல் விழுந்தால் எஞ்சினையே கழற்ற வேண்டும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றிக் காத்திருந்தார். பிறகு அண்ணாச்சி சொன்னபடி குழி நிறைய கிரீஸை அடைத்து, வளையத்துக்குச் சரியாக ஒரு கம்பியை நுழைத்துச் சுத்தியலால் அடித்தார். உள்ளே போகிற கிரீஸ் வளையத்தைப் பின்னாலிருந்து தள்ளும் என்பது கணக்கு. கம்பி வளையத்தைவிட ஒரு நூல் மெலிதாக இருந்தது. அடிக்க அடிக்க கிரீஸ் ஓரத்தால் பீச்சி அப்பாவின் கண்ணிலும் மீசையிலும் விழுந்தது.

"அப்ப கிரீஸ் வேண்டாம். ரொட்டிய நனைச்சுப் பிழிஞ்சு வச்சு அடிங்க. அது கசியாது" என்றார் பட்டறை அண்ணாச்சி, சைக்கிளில் இருந்து இறங்காமலே.

அவர் போன பிறகு அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நம் கடற்கரைக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். எங்கள் வீட்டில் ரொட்டித் துண்டு கைதவறிக் கீழே விழுந்தால் எடுத்து உதட்டில் ஒற்றி முத்திக்கொண்டுதான் தின்போம். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கெபியில், அந்தச் சின்னக் கோயிலில், மந்திரித்த ரொட்டி கொடுப்பார்கள். வேண்டுதல் நிறைவேறினவர்கள் சுட்டுக் கொடுப்பது. அம்மா வரிசையில் நின்று வாங்கிவந்து வீட்டிலிருக்கும் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, எல்லாருக்கும் பிய்த்துத் தருவாள். அந்த ரொட்டியைச் சுத்தியலால் அடிப்பதா? கெபி ரொட்டியோ கடை ரொட்டியோ, ரொட்டி ரொட்டிதான் என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அப்பா கிரீஸோடேயே இன்னும் பல நாள் மல்லுக்கட்டினார்.

ஆடி முடிய வந்தது. காற்றில் மண் பறப்பது குறைந்தது. தோணிகளுக்குப் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை தொடங்கிவிட்டது. கரையில் பஞ்சும் குங்கிலியமும் வாசனை அடித்தது. மாமா ஒருநாள் அவசரமாக வந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருகிறேன், வருகிறீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வேறு எஞ்சின்காரன் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா கெபிக்குப் போயிருந்த நேரம் அப்பா என்னை பேக்கரிக்கு அனுப்பினார். ஒரு முழு ரொட்டி வாங்கிச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். இளஞ்சூடாக வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா சிலுவை போட்டுக்கொண்டுதான் அதைப் பிய்த்தார். நனைத்து, பிழிந்து, குழியில் அடைத்து, கம்பியை வைத்து அடிப்பார். கம்பி உள்ளே இறங்கும். திரும்ப அடைப்பார். முதலில் தொக்கு தொக்கென்று இருந்த சத்தம் போகப்போக இறுகி, கல்லில் அடிக்கிற மாதிரி ஆயிற்று. வளையம் ஒரு மயிரிழை வெளியே வந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வந்திருந்தது. அதோடு ரொட்டி தீர்ந்துவிட்டது. திரும்ப பேக்கரிக்கு ஓடினால் மாமா வருவதற்குள் வர முடியாது.

அம்மா வந்தபோது அப்பா காருக்கு அடியில் படுத்திருந்தார். நான் முன்பக்கம் கிளட்சுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். சீட் இல்லாததால் நான் இருப்பது வெளியே தெரியாது. மண்ணில் கிடந்த ரொட்டித் தாளைப் பார்த்ததும் அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. அண்ணன் வருகிற நேரம், என்ன சொல்லட்டும் என்று மட்டும் கேட்டாள்.

அடியில் சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன், அப்பாவின் இரண்டு பாதங்கள்தான் வெளியே தெரிந்தன.

"ஏளா, எனக்குப் பயமா இருக்கு."

அம்மா காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன தடவ வரும்போது குமரிக்கு வெளிய எஞ்சின் நின்னுட்டு. நான் கீழ எறங்கிப் பாத்துக்கிட்டு இருந்தேன். கடல் மேல ஏறி அடிச்சிட்டு. தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு பலகையப் போட்டு மூடிட்டாவ. நான் உள்ள இருந்தேன். தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. தட்டுதேன், யாருக்கும் கேக்கல."

"யாரு மூடச் சொன்னா?"

தண்டல் சொல்லாமல் தோணியில் பலகை மூட மாட்டார்கள். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தப்புன்னு சொல்லல. மூடலன்னா தோணி போயிருக்கும். நானா இருந்தாலும் மூடத்தான் சொல்லியிருப்பேன். ஆனா அந்தக் குழிக்குள்ள எறங்க காலு வரமாட்டேங்கு."

"பெறவு எப்படி இதுக்கு அடியில போயி இப்படிக் கெடக்கிய?"

"இது மண்ணுல்லா" என்றார் அப்பா. "மண்ணு ஏறி வராதுல்லா."

அம்மா உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் கும்பாவில் தண்ணீரும், அன்றைக்குக் கெபியில் வாங்கிய இரண்டு உருண்டை ரொட்டிகளும் இருந்தன. மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ரொட்டியை நெற்றியில் ஒற்றி, தண்ணீரில் முக்கி, புட்டுக்கு மாவு பிசைகிற மாதிரி நிதானமாகப் பிசைந்து பிழிந்தாள். குனிந்து கையைக் காருக்கு அடியில் நீட்டினாள். அப்பாவின் கை அதை வாங்க வந்து, பாதியில் நின்றது.

"ஏளா, இது கெபி ரொட்டி."

"கேட்டது கெடைக்கட்டும்னுதான குடுக்காவ. பிடிங்க."

அப்புறம் சுத்தியல் சத்தம். அம்மா எழுந்து போகவில்லை. பிழிந்து பிழிந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் உதடு அசைந்தது. கடைசிப் பிடிக்கு முந்தின பிடியில் டப்பென்று ஒரு சத்தம். வளையம் வந்துவிட்டது. அப்பாவின் நெஞ்சில் விழுந்து, கறுத்துப்போன ரொட்டியோடு உருண்டு மண்ணுக்கு வந்தது. அப்பா மட்டும் வெளியே வரவில்லை. பாதங்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. அம்மா அந்தப் பாதங்களில் ஒன்றைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கெபி ரொட்டி மைதா கூடுதல், இறுக்கம் அதிகம், அதனால்தான் என்று பின்னால் அண்ணாச்சி விளக்கம் சொன்னார். அம்மா மறுக்கவில்லை. குழியிலிருந்து சுரண்டி எடுத்த கறுப்பு மாவை ஒரு துணுக்கு விடாமல் துணியில் சேர்த்து, குப்பையில் போடக் கூடாது என்று என்னிடம் கொடுத்துக் கடலில் கரைத்துவிட்டு வரச் சொன்னாள். பூனைகள் பாதி தூரம் என் பின்னாலேயே வந்தன.

மாமா வந்தார். அப்பா வாசலில் கை கழுவிக்கொண்டே, "வரல மச்சான்" என்றார். மாமா ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். அம்மா காப்பியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். அப்படி அவள் செய்து நான் பார்த்ததில்லை. மாமாவும் பார்த்ததில்லை போல. காப்பியை ஆறவிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கார் ஓடினால் தோணி கிளம்புகிற அன்றைக்குத் தன்னைத் துறைமுகத்தில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். அப்பா சரி என்றார்.

பழைய வளையம் ரொம்ப நாள் என் கட்டை விரலில் இருந்தது. குளிக்கும்போது எங்கேயோ விட்டுவிட்டேன். இன்றைக்கும் கிரீஸ் தொட்டால் அந்த விரலைத் தடவிப் பார்க்கிறேன். புது வளையத்தை அண்ணாச்சி லேத்தில் கடைந்து கொடுத்தார். அப்பா அந்தக் காரை வெகுகாலம் ஓட்டினார். மழை நாளில் கதவைச் சாத்தினால் சுறா எண்ணெய் வாடை எழும்பும். ஆத்தூர் வெற்றிலை ஏற்றிப் போனால்தான் அந்த வாடை அடங்கும். மாமாவின் தோணி ஒவ்வொரு வருஷமும் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அப்பாவின் பயம் பொய் என்று ஆகிவிடாது.

என் பள்ளிக்கூடம் அந்த ஆடியோடு தள்ளிப்போனது தள்ளிப்போனதுதான், ஆறாம் வகுப்புக்கு நான் போகவேயில்லை. எனக்குக் காரில்தான் ஆசை என்று அப்பா நினைத்துக்கொண்டார். கேட்டால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் சொல்ல வராது. அவருக்கும் வராது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒருநாளாவது காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, நான் படிக்கணும்பா என்று சொல்லிப் பார்த்திருக்கலாம் என்று மட்டும் சில சமயம் தோன்றும்.

தோணி கிளம்பின காலையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மாமாவும் இன்னும் இரண்டு பேரும் பெட்டியும் பாய் சுருட்டும் அரிசி மூட்டையுமாகப் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில். அதுதான் கார் முதல்முறை ஆள் ஏற்றி ஓடியது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. துறைமுகத்தில் தோணியைப் பார்த்ததும் அப்பா மனசு மாறி ஏறிவிடுவாரோ, மாமா ஒரு வார்த்தை கூப்பிட்டால் மறுக்க முடியாமல் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே வந்தேன்.

பழைய துறைமுகத்தில் தோணிகள் அணைகிற கல் பாலத்தில் கார் நின்றது. எதிரே தோணி, பாய் சுருட்டி, புது எண்ணெய் பளபளக்க. கூட வந்தவர்கள் சாமான்களை இறக்கிக்கொண்டு போனார்கள். தோணியிலிருந்து யாரோ அப்பாவைப் பார்த்து, ஏறிக்கிட வேண்டியதுதான என்று கத்தினார்கள். அப்பா சிரித்தபடி கையாட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. முதல் கியரிலேயே, கிளட்சை மிதித்தபடியே இருந்தார்.

மாமா சுற்றி வந்து அப்பா பக்க ஜன்னலில் குனிந்தார். ஏதோ சொல்லத்தான் வந்தார். அதற்குள் அவர் கண் கீழே போனது. நானும் பார்த்தேன். மேலே முகம் சிரித்துக்கொண்டிருக்க, கிளட்சை மிதித்திருந்த அப்பாவின் இடது கால் முட்டியிலிருந்து பாதம் வரை நடுங்கிக்கொண்டிருந்தது. மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கேலி என்பதே இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். ஜன்னல் விளிம்பில் இருந்த அப்பாவின் கைமேல் தன் கையை வைத்தார்.

"எஞ்சின ஆஃப் பண்ணிராதிய மாப்ளே" என்றார், எனக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில். "அப்படியே திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிருங்க."

அப்பா தலையாட்டினார். கிளட்சிலிருந்து காலை மெதுவாக, மிக மெதுவாக எடுத்தார். கார் நகர்ந்தது.